பதினோராம் பக்கத்து வாழ்த்துரை

தான் எழுதாத வாழ்த்துரையைத் தன் படத்தோடு அச்சில் பார்த்தபோது பஸ்தியருக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே காசாளர் நாற்காலியை விட்டெழும்பி, பெற்றோல் நிலையத்தின் பின்பக்கத் தொட்டியில் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசித்தார்.

‘கோல் கம்பங்களின் நடுவே நின்று ஐந்து ஆண்டுகளாக இவரைக் கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். றெஜினோல்ட் எவர் மீதும் கை ஓங்கியதை என் கண்கள் கண்டதில்லை. எதிரியையும் அணைக்கும் அன்புள்ளம்! எம்மினத்தின் இணையற்ற விடிவெள்ளி! வாழ்க பல்லாண்டு!’ கீழே, அ. பஸ்தியாம்பிள்ளை, கோல் நடுவர். அதற்கும் கீழே, கண் பாதி மூடிய நிலையில் அவருடைய கடவுச்சீட்டுப் படம்.

“எப்பிடி அண்ணை? நல்லா வந்திருக்குதல்லோ?” என்று குருமூர்த்தி பல்லெல்லாம் தெரியக் கேட்டார்.

குருமூர்த்தி தென்லண்டன் தமிழர் ஒன்றியத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஈஸ்ட் ஹாமில் அச்சகக்காரனை எழுப்பி, விழா மலரின் முதல் பிரதியைக் கையோடு மிட்சம் பெற்றோல் நிலையத்துக்குக் கொண்டுவந்திருந்தார். லண்டனில் எந்த மலரை விரித்தாலும் பாதிரியாரின் ஆசியுரை, ஐயரின் அருளுரை, வைத்தியரின் வாழ்த்துரை எல்லாம் ஒரே நடையில் இருக்கும். எல்லாம் இவர் கைவண்ணம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மலரில், செத்து ஆறு மாதமான அதிபர் ஒருவர் விழா சிறக்க வாழ்த்தியிருந்தார். அதற்கு அவருடைய மனைவி நன்றிக் கடிதம் வேறு போட்டார். ஒருத்தரும் இதையொரு பிழையாக நினைத்ததில்லை. பஸ்தியரும்தான் நினைத்ததில்லை, அன்றைக்கு வரைக்கும்.

“நான் இதை எழுதேல்லையே, குருமூர்த்தி.”

“நீங்கள் எழுதித் தருமட்டும் பாத்துக்கொண்டிருந்தா மலர் நத்தார்ப் பெருநாளுக்குத்தான் வரும். எல்லாருக்கும் நான்தானே எழுதுறனான்!”

“நான் கண்டனான்.”

“என்னத்தை?”

“நேற்று நடந்ததை. என்ர இரண்டு கண்ணாலையும் கண்டனான்.”

குருமூர்த்தியின் பல் மறைந்தது. பெற்றோல் போட வந்தவர்கள் யாரும் உள்ளே வருகிறார்களா என்று கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டார். “செவ்வாய்க்கிழமை விசாரணை. வெள்ளிக்கிழமை பதக்கம். சனிக்கிழமை எங்கட விழா. இடையில நீங்கள் ஒண்டும் காணேல்லை, அண்ணை. அலுவல் முடிஞ்சுது,” என்றார்.

பிள்ளை பிறக்க முதலே பேர் வைத்துத் தொட்டிலும் கட்டியாயிற்று. பிறகு பிள்ளை பிறந்ததா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

றெஜினோல்ட் பஸ்தியரின் தங்கை பியற்றிஸின் புருஷன். மன்னாரில் பள்ளிக்கூட உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளனாக இருந்தவன். எண்பத்தாறில் லண்டனுக்கு வந்து கட்டட வேலைக்குப் போன இடத்தில் நாலு ஆஸ்திரேலியர் சிநேகமானார்கள். ஆஸ்திரேலிய உதைபந்தாட்டம் என்பது நாம் அறிந்த உதைபந்து அல்ல. முட்டை வடிவப் பந்து. கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஒரு பக்கத்துக்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு நெட்டைக் கம்பங்களுக்கு ஊடாக உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்துக் குட்டைக் கம்பத்துப் பக்கம் போனாலோ, நெட்டைக் கம்பத்தில் பட்டாலோ ஒன்று. தலைக்கு மேல் வரும் பந்தை எட்டிப் பிடிப்பவன்தான் அதில் ராசா. றெஜினோல்டோ பிறந்ததிலிருந்து எட்டிப் பிடித்தவன்.

தொண்ணூறில் மிட்சம் கழகத்தில் சேர்ந்தான். தொண்ணூற்றிரண்டில் லீக்கின் பதக்கம் அவனுக்கு. தொண்ணூற்றுமூன்றிலும் அவனுக்கே. அந்தப் பதக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. வெறும் கெட்டிக்காரனுக்குக் கொடுக்கமாட்டார்கள். மிகச் சிறந்தவனும் மிக நேர்மையானவனும் ஒரே ஆளாக இருக்கவேண்டும். மைதான நடுவர்கள் ஒவ்வொரு ஆட்ட முடிவிலும் வாக்குப் போட்டு உறையில் ஒட்டிவைப்பார்கள், பருவ முடிவில்தான் எண்ணுவார்கள். அந்த வருடத்தில் ஒரு ஆட்டத்துக்காவது தடை வாங்கியவன் எத்தனை வாக்கு எடுத்திருந்தாலும் பதக்கம் இல்லை. மூன்றாவது பதக்கமும் அவனுக்குத்தான் என்று குருமூர்த்தி விரலை மடித்துக் கணக்குப் பார்த்து, தோர்ண்டன் ஹீத்தில் மண்டபமும் எடுத்து, பொன்னாடைக்கும் சொல்லிவிட்டார். விழாவுக்கு வரப்போகிறவர்களில் பாதிப் பேர் பந்து உருண்டை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ்தியர் அந்த மைதானத்துக்குப் போனது ஆட்டம் பார்க்க அல்ல, பியற்றிஸுக்குத் துணையாக. ஒவ்வொரு கழகமும் ஒரு கோல் நடுவரைக் கொடுக்கவேண்டும் என்பது லீக்கின் விதி. மிட்சம் கழகத்தில் ஒருத்தரும் இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் நிற்க ஆயத்தமில்லை. ஆகவே அவருக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் இரண்டு கொடியும் கிடைத்தன.

அந்தக் கோட்டுக்குள் அவருக்கு வேறொன்றும் கிடைத்தது. எண்பத்தேழில் அகதி விசாரணையில் தன் தம்பியை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று மூன்று மணி நேரம் சொன்னவர் அவர். எதிரே இருந்த அதிகாரி, ‘இவருடைய கூற்று நம்பத்தகுந்ததல்ல’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டான். பிறகு வக்கீல் வைத்து விசா எடுத்தது வேறு கதை, ஆனால் அந்த வரி அவருக்குள் முள்ளாகக் கிடந்தது. இங்கேயோ, முப்பது வெள்ளைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய விரலைப் பார்த்தார்கள். இரண்டு விரல் நீட்டினால் ஆறு, ஒரு விரல் நீட்டினால் ஒன்று. உறுதியா என்று எவனும் கேட்பதில்லை. அவர் சொன்னதே புள்ளி.

தொண்ணூற்றொன்றின் இறுதி ஆட்டத்தில், றெஜினோல்ட் உதைத்த பந்து நெட்டைக் கம்பத்தில் மயிரிழையாக உரசிப் போனதைக் கண்டு ஒரு விரல்தான் நீட்டினார். சொந்தக் கழகம் தோற்றது. எதிரணித் தலைவன் வந்து கைகொடுத்தான். றெஜினோல்ட் இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. போடா நீயும் உன் ஆட்டமும் என்று பஸ்தியர் இருந்துவிட்டார்.

இனி, அந்தச் சனிக்கிழமை.

பருவத்தின் கடைசி லீக் ஆட்டம். றெஜினோல்டை மறித்து விளையாடும் பொறுப்பு எதிரணியில் கொலினுக்கு. கொலின் ரூட்டிங்கில் தபால்காரன், முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் பியருக்கு ஓட, நின்று கம்பங்களைக் கழற்றப் பஸ்தியருக்குக் கைகொடுக்கிற ஒரே ஆள். அன்றைக்கு றெஜினோல்டை ஒரு பந்துகூடத் தொடவிடவில்லை. அப்படியே போனால் நடுவரின் வாக்கு ஒன்றுகூட விழாது. அது றெஜினோல்டுக்கும் தெரியும்.

நான்கு கட்ட ஆட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் பந்து மற்றக் கரைக்குப் போயிருந்தது. நடுவர்கள், ஆட்டக்காரர், பார்க்க வந்தவர்கள் எல்லோருடைய கண்ணும் அங்கே. இந்தக் கரையில் மூன்றே பேர்: றெஜினோல்ட், கொலின், பத்தடி தள்ளிப் பஸ்தியர். மூச்சு வாங்க இடுப்பில் கை வைத்து நின்ற கொலின் சும்மா கேட்டான், “உன் மனைவிக்கு எப்போது பிள்ளை?” பஸ்தியரின் காதில் அது தெளிவாக விழுந்தது. றெஜினோல்ட் பதில் சொல்லவில்லை. மற்றக் கரையை ஒரு பார்வை, நடுவரை ஒரு பார்வை, அவ்வளவுதான். முழங்கையை மடக்கி முழுப் பலத்தோடு கொலினின் தாடையில் இறக்கினான். தேங்காய் உடைத்தமாதிரிச் சத்தம் கேட்டது. கொலின் புல்லில் கிடந்து இரத்தத்தோடு ஒரு பல்லையும் துப்பினான். றெஜினோல்ட் பந்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

கோல் நடுவரிடம் புள்ளி குறிக்க ஒரு அட்டை இருக்கும். பஸ்தியர் பென்சிலால் அதில் எழுதினார்: மூன்றாம் கட்டம், ஏழாம் இலக்கம், இருபத்திரண்டாம் இலக்கத்தை முழங்கையால் அடித்தது, பந்து அங்கில்லை. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடித்ததோடு நின்றிருந்தால் பஸ்தியருக்குக் கோபம்தான் வந்திருக்கும். விளையாட்டில் அடிபிடி நடக்காததா? ஆனால் எதிரணி முறைப்பாடு கொடுத்தவுடன் அந்த அறுவான் வாயைத் திறந்தான். கொலின் தன்னைப் ‘பாக்கி’ என்று, தென்னாசியரைப் பழிக்கிற அந்தச் சொல்லால் கூப்பிட்டானாம். திரும்பத் திரும்பச் சொன்னானாம். என்ன சொன்னாய் என்று கேட்கத் திரும்பியபோது தெரியாமல் முழங்கை பட்டுவிட்டதாம்.

சீ! எந்த வாய் இதைச் சொல்லும்! அந்தச் சொல் பஸ்தியருக்குத் தெரியாததா? எண்பத்தெட்டில் பஸ் தரிப்பில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அவருடைய முகத்தில் துப்பினார்கள். எச்சில் கண்ணிமையில் ஒழுகியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது பொலிஸில் சொன்னபோது ஒருத்தரும் எழுதவில்லை. இப்போது எழுதுகிற காலம் வந்ததும், அந்த எச்சிலை வழித்தெடுத்து ஒரு பாவமும் அறியாத தபால்காரனின் மூஞ்சியில் பூசுகிறான் இவன். நிரூபணமானால் கொலினுக்கு ஆயுள் தடை. தபால் கந்தோருக்குக் கதை போனால் வேலையும் இல்லை. தாடையைக் கம்பியால் கட்டிக் கிடக்கிறவன் இல்லையென்று வாய் திறந்து சொல்லவும் வழியில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் பியற்றிஸ் மீன் குழம்போடு வந்தாள். ஆறு மாத வயிறு. படியேறிய களைப்பில் கதிரையில் சாய்ந்தபடியே தொடங்கினாள்.

“றெஜி இரவெல்லாம் அழுதவர், அண்ணை. அவன் சொன்னதை நினைச்சு நினைச்சு அழுதவர். உங்களுக்கும் கேட்டிருக்கும்தானே?”

பஸ்தியர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். இந்த வயிற்றோடு இருக்கிறவளிடம் என்னத்தைச் சொல்வது? உன் பிள்ளையைப் பற்றிக் கேட்டவனின் வாயைத்தான் உடைத்தான் என்றா?

“குழம்பு ஆறப்போகுது, பிள்ளை,” என்றார்.

“நாளைக்கு நல்லதாச் சொல்லுங்கோ, என்ன?”

அவள் போனபின் குழம்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

விசாரணை ஒரு பப்பின் மேல்மாடியில். கம்பளத்தில் ஊறிப்போன பழைய பியர் மணம். படிக்கட்டில் றெஜினோல்ட் அவரை மறித்தான். நல்ல கோட் போட்டு, தலை ஒட்ட வாரியிருந்தான்.

“மச்சான், ஏன் இப்பிடி முறைக்கிறியள்? எத்தினை வெள்ளையன் எங்களை அப்பிடிச் சொல்லியிருக்கிறான்! இவன் சொல்லாட்டி இன்னொருத்தன் சொன்னவன்தானே. எல்லாம் ஒண்டுதான்.”

“அப்ப அவன் சொல்லேல்லை?”

“அதுவே இப்ப பிரச்சினை? உங்கட தங்கச்சியை நினையுங்கோ.”

பஸ்தியருக்கு அவன் பூசியிருந்த வாசனைத் தண்ணீரே நாறியது. தள்ளிக்கொண்டு மேலே போனார்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவர் ஒரு ஆஸ்திரேலியப் பல் வைத்தியர், ஆகவே தாடை பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு மூலையில் கொலின், கம்பி கட்டிய வாயோடு, மடியில் ஒரு கொப்பியும் பேனாவும். றெஜினோல்ட் எழும்பிப் பேசினான். ஐயோ, அந்தப் பேச்சு! ஊரை விட்டு ஓடிவந்ததைச் சொன்னான், பஸ் தரிப்பில் பட்ட அவமானத்தைச் சொன்னான். எல்லாம் பஸ்தியருக்கு நடந்தவை. இடையிடையே கண்ணைத் துடைத்தான். தலைவரின் முகமே வாடிவிட்டது. கொலின் கொப்பியில் ‘நான் சொல்லவில்லை’ என்று பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டினான். ஒருத்தரும் சரியாகப் பார்க்கவில்லை.

பிறகு குருமூர்த்தி எழும்பி ஒரு தாளை நீட்டினார். வாழ்த்துரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு. சத்தியக் கடதாசி மாதிரித் தட்டச்சில் அடித்து, கூடவே மலரின் பிரதியும். “எங்களுடைய கோல் நடுவர் இதை ஏற்கனவே எழுத்தில் தந்திருக்கிறார். எவர் மீதும் கை ஓங்கியதைத் தன் கண் கண்டதில்லை என்கிறார்.”

பஸ்தியர் இருந்த இடத்தை விட்டெழும்பினார். மலரில் போட்டது போதாதென்று இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள்!

“இது நீங்கள் எழுதியதா?” என்று தலைவர் கேட்டார்.

றெஜினோல்ட் பஸ்தியரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓம் என்றால் எல்லாம் நல்லபடி முடியும். தங்கை சிரிப்பாள், விழா நடக்கும், பிள்ளை பிறக்கும். கொலின் என்ன, யாரோ எவனோ. பஸ்தியர் மூலையைப் பார்த்தார். நம்பத்தகுந்ததல்ல என்று எழுதப்படக் காத்திருக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

“இல்லை, நான் எழுதியது இது,” என்று சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கண்டதைச் சொன்னார். கேட்டதையும் சொன்னார். பிள்ளை எப்போது என்ற அந்தக் கேள்வியை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

உறுதியா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தலைவர் எழுதிக்கொண்டார்.

றெஜினோல்டுக்கு எட்டு ஆட்டத் தடை. கொலின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை வாக்கு எண்ணியபோது றெஜினோல்டுக்குத்தான் கூடுதலாக விழுந்திருந்தது, ஆனால் பதக்கம் இரண்டாமவனுக்குப் போனது. இந்த அழகில் முடிந்தது மிகச் சிறந்த, மிக நேர்மையான ஆட்டக்காரனின் காலம்.

முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? குருமூர்த்தியை யாரென்று நினைத்தீர்கள்! மண்டபம் எடுத்தது எடுத்ததுதான், மலர் அடித்தது அடித்ததுதான். ‘வெள்ளையன் பறித்த பதக்கத்தைத் தமிழன் சூட்டுவான்’ என்று புதுத் துண்டுப்பிரசுரம் ஈஸ்ட் ஹாம் கடைகள் வரைக்கும் போய்விட்டது. பஸ்தியர் வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர் என்ற கதை கோயிலிலும் பரவியது, தேவாலயத்திலும் பரவியது. பியற்றிஸ் தொலைபேசியை எடுக்கவில்லை.

“என்னைப் பற்றி என்னவும் சொல்லுங்கோ, பரவாயில்லை. அந்த வாழ்த்துரையை மட்டும் எடுத்துவிடுங்கோ, குருமூர்த்தி,” என்று பஸ்தியர் வெள்ளிக்கிழமை கெஞ்சிக் கேட்டார்.

“எப்பிடி அண்ணை எடுக்கிறது? நீங்கள் பதினோராம் பக்கம். உங்கட முதுகில பன்னிரண்டாம் பக்கத்தில றெஜியின்ர முழுப் படமல்லோ இருக்கு!”

சனிக்கிழமை மத்தியானம் மண்டப வாசலுக்கு முதல் ஆளாகப் பஸ்தியர்தான் வந்தார். பன்னீர்ச் செம்பும் சந்தனமும் கற்கண்டுத் தட்டமும் வைத்த மேசையில் முந்நூறு மலர்கள் அடுக்கியிருந்தன. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் மலரை விரித்து, பதினோராம் பக்கத்தை அடியோடு பிடித்துக் கிழித்தார். இரண்டாவதை எடுத்தார். உள்ளே ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் தொடங்கியது.

அறுபது, எழுபது கிழித்திருப்பார். சனம் வரத் தொடங்கிவிட்டது. பட்டுச் சேலைகள் ஒதுங்கி நின்று பார்த்தன. குருமூர்த்தி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“உங்களுக்கு விசரே, அண்ணை! படமும் சேந்து கிழியுதல்லோ!”

“கிழியட்டும்.”

“சனம் பாக்குது!”

“பாக்கட்டும். என்ர சொல்லு எனக்கு வேணும்.”

யாரோ றெஜினோல்டைக் கூட்டிவர ஓடினார்கள். அதற்குள் பியற்றிஸ் வந்துவிட்டாள். மேடையில் மாலை வாங்கவென்று அரக்குச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். நிலத்தில் குவிந்து கிடந்த புருஷனின் முகங்களைப் பார்த்தாள். பிறகு தமையனைப் பார்த்தாள்.

“ஏன் அண்ணை எங்களை இப்பிடி அவமானப்படுத்துறியள்?” குரல் உடைந்தது. “அந்த வெள்ளையன் அவரைப் பேசினதை நீங்கள் கேட்டனீங்கள்தானே?”

திங்கட்கிழமை விழுங்கிய பதில் பஸ்தியரின் தொண்டைக்குள் அப்படியே இருந்தது. இனி விழுங்க ஏலாது.

“அவன் பேசேல்லை, பிள்ளை. உனக்கு எப்ப குழந்தை எண்டு கேட்டவன். அவ்வளவுதான் கேட்டவன். அதுக்குப் பிறகுதான் அடி விழுந்தது.”

 பியற்றிஸின் கை தானாக வயிற்றில் போய் நின்றது. வாசலில் கூடியிருந்தவர்களுக்குப் பின்னால் றெஜினோல்டின் தலை தெரிந்தது. வழிவிடச் சொல்லிக்கொண்டு வந்தவன், அவளுடைய முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டான். அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள்.  அவன் கண்ணைத் தாழ்த்தினான்.

அவள் தலையிலிருந்த பூவை எடுத்துச் சந்தனத் தட்டத்தில் வைத்தாள். இன்னொரு கதிரையை இழுத்து, வயிற்றைப் பிடித்தபடி மெதுவாகத் தமையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நவம்பர் எண்டு இவர் அவனுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணுமே, அண்ணை,” என்று சொல்லிவிட்டு, ஒரு மலரை எடுத்துப் பதினோராம் பக்கத்தைத் தேடினாள்.